படைக்கு முந்தி, பந்திக்குப் பிந்தி

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்பது நம்மவர் பழமொழி. அதற்கு நுட்பமான உரை கூறுவாரும் உளர். என் அன்னையார்க்கோ அதன் பொருள் ஒன்றே: வெடிச்சத்தங் கேட்கும் திசைக்குத் தம் பிள்ளை போகலாகாது. 1994 ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலமொன்றின் அரசாங்கப் பல்கலைக்கழகத்திலே பொறியியல் கற்கச் சேர்ந்த யான், அங்கு நடைபெற்ற படை அதிகாரிகள் பயிற்சி வகுப்பிலும் பெயர் பதிந்துகொண்டேன் என்று வீட்டில் அறிவித்தபோது, அவர் முதலிற் சொன்னது இப்பழமொழியே. "துவக்குக்குப் பயந்து கடல் கடந்து வந்தனாங்கள். நீ இஞ்சை வந்து அதைத் தூக்கப் போறியோ, ராசா?" என்பது அடுத்த கேள்வி. தந்தையார் ஒன்றுங் கூறாது பத்திரிகையை மடித்து வைத்தார்.

நம் கல்லூரி ஈன்ற வைத்தியரும் பொறியியலாளரும் வழக்கறிஞரும் கணக்காளரும் இம்மலரின் பக்கங்களை நிறைத்திருப்பர். அந்நிய நாட்டுப் படையிலே அதிகாரியான ஒருவனின் கதையும் இருக்கட்டும் என மலர்க்குழுவினர் கேட்டமையால் இதனை எழுதலானேன்.

மாணவர் படைப்பயிற்சி நம் நாட்டிற்குப் புதியதன்று. கொழும்பு றோயல் கல்லூரியில் அது 1881 ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. தியத்தலாவைப் பாசறையின் குளிரையும் அங்கு குடித்த தேநீரையும் பற்றி மூத்த பழைய மாணவர்கள் இன்றும் சுவைபடக் கூறுவர். ஆனால், யான் 1990 இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்ட காலத்தில் அவையெல்லாம் எமக்குக் கேள்விச்செல்வமாகவே இருந்தன.

அமெரிக்கர் இக்காரியத்தைப் பல்கலைக்கழகத்தோடு பிணைத்தனர். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862 ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜனாதிபதி லிங்கன் ஒப்பமிட்ட மொறில் சட்டம், மாநிலங்களுக்கு நிலம் வழங்கி, அதன் வருவாயிலே கல்லூரிகள் அமைக்க வழிசெய்தது. அக்கல்லூரிகள் வேளாண்மையும் இயந்திரத் தொழிலும் கற்பிக்கவேண்டும். கூடவே படைத்தந்திரமும் கற்பிக்கவேண்டும் என்பது விதி. 1916 இல் வந்த தேசிய பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அப்பயிற்சி, சேமப்படை அதிகாரிகள் பயிற்சிக் குழு என்னும் உருவம் பெற்றது. மாணவர் வாயில் அது 'ஆர்.ஓ.ரி.சி.' படைத் தலைவர்கள் யாவரும் வெஸ்ற் பொயின்ற் போன்ற ஒரே பட்டறையில் வார்க்கப்படாது, வரலாறும் இரசாயனமும் கற்ற சாதாரணக் குடிமக்களிடையே இருந்தும் வரவேண்டும் என்பது அதன் உட்கருத்து. எனக்கு அக்கருத்துப் பிடித்திருந்தது. யாவர்க்கும் பிடித்திருந்தது எனல் பொய். வியட்நாம் போர்க்காலத்தில், 1970 மே 2 ஆம் நாள், ஒகையோவிலுள்ள கென்ற் அரசுப் பல்கலைக்கழகத்தில் இப்பயிற்சிக் கட்டடம் தீக்கிரையாயிற்று. இரண்டு நாட் கழித்து அவ்விடத்திலே தேசியக் காவற்படையினர் சுட்டதில் மாணவர் நால்வர் மாண்டனர்.

யான் ஏன் சேர்ந்தேன்? பணம் ஒரு காரணம். அதனை மறைப்பதிற் பயனில்லை. பெற்றோல் நிலையமொன்றில் இரவு வேலை செய்து படித்துக்கொண்டிருந்தவனுக்கு, உதவிப்பணமும் மாதச் சிறு தொகையும் கிடைக்கும் என்ற செய்தி காதில் தேனாய்ப் பாய்ந்தது. முதலிரண்டு ஆண்டும் எவ்விதக் கட்டுப்பாடும் இல்லை, விரும்பின் விலகலாம். மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலே ஒப்பந்தம். குடியுரிமை பெற்றவனே அதிற் கையொப்பமிடலாம். இட்டவன் எட்டு ஆண்டுகட்குக் கடமைப்பட்டவன். எனக்குக் குடியுரிமை 1996 இற் கிடைத்தது.

மற்றக் காரணம் பழையது. 1980களின் இறுதியில் ஒரு நாள், தந்தையார் சைக்கிளை மிதிக்க யான் பின்னால் அமர்ந்து வந்தேன். சந்தியிலே மறித்தார்கள். எந்தப் படையினர் என்பது ஈண்டு வேண்டா. யாழ்ப்பாணத்தார் பல சீருடைகளைக் கண்டவர். சிப்பாய் ஒருவன் தந்தையாரின் பையைக் கவிழ்த்தான். மாணவரின் விடைத்தாள்கள் புழுதியிற் சிதறின. பொறுக்குவதற்குக் குனிந்தவரை நிமிருமாறு துவக்கின் முனையாற் பணித்தான். அவ்வேளை கூடாரத்தினுள்ளிருந்து இளம் அதிகாரி ஒருவன் வெளிப்பட்டான். மீசை இன்னும் முற்றாத முகம். நிலைமையைப் பார்த்தான். தானே குனிந்து தாள்களைப் பொறுக்கி, தூசி தட்டி, "சேர்" என்று சொல்லித் தந்தையாரிடம் கொடுத்தான். நாம் வீடு வந்து சேர்ந்தோம். அவ்விளைஞன் அங்கில்லாத வேறொரு நாள் அதே சந்தியில் நடந்ததை இங்கே எழுதேன்.

பயிற்சி விடியற்காலையில் தொடங்கும். இரண்டு நிமிடத்துத் தண்டால், இரண்டு நிமிடத்து வயிற்றுப் பயிற்சி, பின்னர் இரண்டு மைல் ஓட்டம். இம்மூன்றிலும் புள்ளி பெறவேண்டும். வாரத்தில் ஒரு நாள் சீருடையுடன் விரிவுரைக்குச் செல்லவேண்டும். எங்கள் வீட்டு மரப்படியிற் சப்பாத்தொலி கேட்டால் அன்னையாரின் கை வேலை நின்றுவிடும். ஆதலின் சப்பாத்தை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே செல்வேன். நம்மவர் வழக்கம் அதுவே என்று அயலவர் எண்ணிக்கொண்டனர்.

1997 கோடையில் மேற்குக் கரையிலுள்ள லூயிஸ் கோட்டையிற் பல வாரம் பாசறை. மேகம் விலகும் நாட்களில் ரெயினியர் மலையின் பனிமுடி தெரியும். அங்கே என்னை வாட்டியது துவக்கன்று; தேசப்படமும் திசைகாட்டியுமே. காந்தம் காட்டும் வடக்கும் படத்திலுள்ள வடக்கும் அப்பகுதியிலே ஏறக்குறைய 20 பாகை வேறுபடும். அதைக் கூட்டவோ கழிக்கவோ தடுமாறினவன் காட்டினுள் வேறெங்கோ போய் நிற்பான். யானோ பனையையும் கோயிற் கோபுரத்தையும் அடையாளமாகக் கொண்டு வழி கண்ட மண்ணிற் பிறந்தவன். உயர்கோடுகள் நெருங்கினால் ஏற்றம், விலகினால் சமநிலம் என்பதைப் பரீட்சைக்கு மட்டும் படித்தவன். நூறு மீற்றருக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்று ஒவ்வொருவனும் தன் அளவை அறிந்திருத்தல் வேண்டும். இரவிலே, ஊசியிலை மரங்களின் கீழ், சிவப்புக் கண்ணாடியிட்ட கைவிளக்குடன் அடிகளை எண்ணிக்கொண்டு தனியே நடந்த மணித்தியாலங்களை யான் இன்றும் விரும்பி நினைப்பதுண்டு. பயத்தை எண்ணிக்கையால் அடக்கலாம் என்பதை அங்கேதான் கண்டேன்.

வெளிக்களத்தில் உணவு வரும்போது கடைநிலைச் சிப்பாய் முதலில் உண்பான். தலைவன் இறுதியில் உண்பான். இது எழுதப்படாத சட்டம். "அம்மா, இங்கே உங்கள் பழமொழி தலைகீழ், படைக்கு முந்தி, பந்திக்குப் பிந்தி" என்று தொலைபேசியிற் கூறினேன். அவர் சற்றே யோசித்து, "அப்ப உனக்குச் சோறு மிஞ்சுமோ?" என்றார்.

இறுதியாண்டில் போர்ச்சட்டம் ஒரு பாடம். 1968 மார்ச் 16 இல் மை லாய்க் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கான குடிமக்களைக் கொன்ற வரலாற்றை எமது விரிவுரையாளரான லெப்டினன்ற் கேணல் ஒன்றையும் மறையாது கற்பித்தார். அங்கே துருப்பை நடத்திய இளம் அதிகாரி கலி, 22 பேரைக் கொன்ற குற்றத்திற்காக 1971 இலே தண்டிக்கப்பட்டார். அதே காலையில் ஹியூ தொம்சன் என்னும் விமானி தம் உலங்குவானூர்தியைக் கிராமத்தவர்க்கும் சிப்பாய்களுக்கும் நடுவே இறக்கி, இவர்கள் மக்களைச் சுட்டால் நீங்கள் இவர்களைச் சுடுங்கள் என்று தம் தோழருக்குக் கட்டளையிட்டு, எஞ்சியோர் சிலரைக் காப்பாற்றினார். இருவருக்கும் அன்று வயது 24. தொம்சனுக்குப் பதக்கம் சூட்டியதோ 30 ஆண்டு கழித்து, 1998 மார்ச்சில். நாங்கள் அப்பாடத்தைக் கற்ற அதே பருவத்தில். எனக்கும் அப்போது 24.

"சட்டத்திற்கு மாறான ஆணை இதுவென்று களத்தில் எவ்வாறு அறிவது?" என வினவினேன். ஐயம் எழும் ஆணைகள் பல உண்டு. ஆயின் ஆயுதமற்றவனைச் சுடு என்னும் ஆணையில் ஐயமில்லை என்றார். சிப்பாயின் சத்தியப்பிரமாணத்திலே ஜனாதிபதிக்கும் மேலதிகாரிகளுக்கும் கீழ்ப்படிவேன் என்ற சொற்கள் உள. அதிகாரியின் பிரமாணத்தில் அவை இல்லை, அரசியலமைப்பைக் காப்பேன் என்பதே உண்டு என்பதையும் அன்று எடுத்துக்காட்டினார். எனக்குச் சந்தியிற் சிதறிய விடைத்தாள்கள் நினைவில் வந்தன. நற்பிரமாணம் ஏட்டிலிருந்த நாட்டின் சிப்பாய்களே மை லாயிலும் நின்றார்கள் என்ற எண்ணமும் உடன் வந்தது. இரண்டில் எதையும் இன்றளவும் யான் கைவிட்டவனல்லேன்.

1998 மே மாதத்திலே பட்டமும் இரண்டாம் லெப்டினன்ற் பதவியும் ஒரே நாளிற் கிடைத்தன. பொறியியற் படையிற் செய்த சேவையும், அதன் பின் சென்ற இடங்களும் வேறு கதை. தோளிற் பொன்னிறப் பட்டியை ஒரு பக்கம் அன்னையாரும் மறுபக்கம் தந்தையாரும் குத்தினர். தந்தையார், தாம் நீட்டிய கை நடுங்குவதை மறைக்க மிக மெதுவாகக் குத்தினார்.

புதிய அதிகாரிக்கு முதல் வணக்கம் செய்யும் படைவீரனுக்கு ஒரு வெள்ளி டொலர் கொடுப்பது அங்கு மரபு. எனக்கு வணக்கம் செய்ய இசைந்தவர், நான்காண்டும் எம்மை வறுத்தெடுத்துக் கற்பித்த முதிய சாஜன்ற். இம்மரபை முன்னாள் இரவு கேள்வியுற்ற அன்னையாருக்கு அது கைவிசேடமாகவே பட்டது. இளையவன் முதியவனுக்குக் கொடுப்பதுதான் அவருக்கு விளங்கவில்லை. "கற்பிச்ச ஆளுக்கெண்டால் சரி. வெறுமனே நீட்டாதை, வெத்திலையிலை வைச்சுக் குடு" என்றார். அந்நகரில் வெற்றிலை ஏது? நாணயத்தை மூலையில் மஞ்சள் பூசிய கடதாசியிற் சுற்றித் தந்தார். சாஜன்ற் விறைப்பாக வணக்கஞ் செய்து, கை கொடுத்து, பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். மஞ்சள் எதற்கென்று வினவினார். என் தாய் தந்தது என்றேன். மீண்டும் அக்கடதாசியிலேயே சுற்றி, சட்டைப்பையில் இட்டுப் பொத்தானையும் பூட்டிக்கொண்டார்.