லியோனில் நான் சொன்ன பொய்

பிரான்சின் லியோன் நகரில் மொழிபெயர்ப்பாளனாக வேலை பார்க்கிறேன். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சேர்ப்பதுதான் என் தொழில். அந்தத் தொழிலில் ஒருநாள் தெரிந்தே பொய் சொன்னேன். வாய் தவறி வந்ததல்ல. யோசித்துச் சொன்னது.

தமிழ்நாட்டிலிருந்து பட்டுச்சேலை வியாபாரிகள் சிலர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு முதலாளி தன்னிடம் வெகுகாலமாகக் கூலிக்கு நெய்யும் பெரியவர் ஒருவரையும் அழைத்து வந்திருந்தார். எனக்குச் சம்பளம் தந்தவர் அந்த முதலாளிதான். அடுத்த குழுவுக்கும் என்னையே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். நெசவாளர்கள் கூலி உயர்வு கேட்டுத் தொல்லை செய்கிறார்கள் என்று காலையில் வேனில் அலுத்துக்கொண்டார். பெரியவர் பின் இருக்கையில் இருந்தார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் ஃபூர்வியேர் குன்று. கி.மு. 43-இல் முனாட்டியஸ் பிளாங்கஸ் லுக்டூனம் என்ற ரோமானியக் குடியேற்றத்தை நிறுவிய இடம். பேரரசர் கிளாடியஸ் பிறந்தது இந்த ஊரில். வழிகாட்டியான பிரெஞ்சுப் பெண்மணி சொன்னதையெல்லாம் அப்படியே சொன்னேன். அவர் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். என் படிப்பைக் காட்டிக்கொள்ள ஆசை.

பிறகு க்ருவா ரூஸ் மலைச்சரிவு. அங்கே கி.பி. 19-இல் கட்டிய வட்டரங்கின் இடிபாடுகள் இருக்கின்றன. 177-இல் லியோன் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பிளாண்டினா என்பவள் ஓர் அடிமைப்பெண். சித்திரவதை செய்து, கடைசியில் வலையில் சுற்றிக் காளைமுன் போட்டார்கள். இதைக் குரல் தழுதழுக்கச் சொன்னேன். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆயிரத்து எண்ணூறு வருடத்துக்கு முந்தைய அடிமைக்காக அழுவதில் எங்கள் இருவருக்குமே செலவு ஒன்றுமில்லை.

அதே சரிவில் இன்னும் மேலே ஏறினால் பட்டு நெசவாளர்களின் வீடுகள். கனூ என்பது அவர்களுடைய பெயர். ஜக்கார்டு தறி நிற்பதற்காகவே ஏறக்குறைய நான்கு மீட்டர் உயரத்துக்குக் கட்டிய அறைகள். வழிகாட்டி அங்கே நெடுநேரம் பேசினார். வியாபாரி பட்டு நூல் கொடுப்பார், நெசவாளி தன் வீட்டுத் தறியில் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். கூலி விழுந்துகொண்டே போனது. 1831 அக்டோபரில் ஆட்சியாளர் முன்னிலையில் இரு தரப்பும் உட்கார்ந்து குறைந்தபட்சக் கூலிப் பட்டியல் ஒன்றை ஒப்புக்கொண்டன. வியாபாரிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். நவம்பர் 21 அன்று நெசவாளர்கள் கறுப்புக்கொடியோடு மலையிலிருந்து இறங்கினார்கள். சில நாட்களில் நகரமே அவர்கள் கையில். கொள்ளை நடக்காமல் அவர்களே காவல் நின்றார்கள். டிசம்பரில் மன்னரின் மகனும் மார்ஷல் சூல்ட்டும் சுமார் 20,000 படைவீரர்களோடு வந்தார்கள். கூலிப் பட்டியல் ரத்தானது.

இவ்வளவும் அவர் சொன்னார். நான் தமிழில் சொன்னது: "இங்க நெசவாளிங்க இருந்தாங்க. தறிக்காக வீட்டை உயரமாக் கட்டினாங்க."

வழிகாட்டி என்னைப் பார்த்தார். நான் அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

பெரியவர் தறியருகே போனார். பாவைத் தொடாமல், விரலை அதன்மேல் ஒட்டினாற்போல ஓட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "தம்பி, இவங்களும் எங்களை மாதிரி கூலிக்கு நெஞ்சவங்கதானே? கூலி கட்டுபடியாகலைன்னு யாரும் கேக்கலையா? அந்தம்மாகிட்ட கேட்டுச் சொல்லுப்பா."

அந்தக் கேள்வியை நான் வழிகாட்டியிடம் சொல்லவே இல்லை. தறி எந்தக் காலத்தது என்று அவர் கேட்பதாகச் சொன்னேன். வழிகாட்டி பதில் சொன்னார். நான் பெரியவரிடம் திரும்பி, "அப்படியெல்லாம் இல்லீங்கய்யா. எல்லாரும் நல்லாத்தான் இருந்தாங்களாம்" என்றேன்.

பயம்தான் காரணம் என்று முடித்துக்கொண்டால் அது பாதி உண்மை. அடுத்த குழு போய்விடுமோ என்ற பயம் இருந்தது. அதற்கும் கீழே ஓர் அகந்தை இருந்தது. வேட்டி கட்டிய, அதிகம் படிக்காத ஒருவருக்கு 1831 எதற்கு என்று நினைத்தேன். பிளாண்டினாவுக்காகத் தழுதழுத்த அதே குரல் அவரிடம் கூசாமல் பொய் சொன்னது.

திரும்பும்போது முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா, தம்பியே சொல்லுதே. அங்க எவனும் கூலி கேட்டுச் சண்டை போடலை. தொழிலைப் பாத்தான், ஊரு உலகப்புகழ் ஆச்சு."

பெரியவர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம பக்கந்தான் இப்படிப் போல" என்றார். யாரோடும் சண்டைக்கு நிற்கும் குரல் இல்லை அது. தன் ஆட்களிடம்தான் ஏதோ கோளாறு என்று நம்பத் தொடங்கிய குரல். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் ஊருக்குப் போய்ச் சக நெசவாளர்களிடம் இதைச் சொல்லியிருப்பார். வெளிநாடு போய் நேரில் கேட்டுவந்தவர் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள். கூலிப் பேச்சில் யாராவது ஒருவர் அதைக் கேட்டுப் பின்வாங்கியிருந்தால், அந்தக் கூலியில் குறைந்த காசு என் கணக்கில் சேரும்.

சம்பளத்தை வாங்கிக்கொண்டேன். அடுத்த குழுவும் வந்தது.

பயண ஏற்பாட்டாளரிடம் கேட்டால் பெரியவரின் முகவரி கிடைக்கும். இதுவரை கேட்கவில்லை. கேட்டால், எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்பார்.