தெற்குப் பிரான்சின் மலைக்கிராமங்கள்



பிரான்சு தேசத்தில் பிள்ளைகள் குடியிருக்கும் குடும்பங்கள் நம் சபையில் சில உண்டு. கோடை விடுமுறைக்கு அங்கே செல்கிறவர்கள், “ஐயா, பாரிஸைப் பார்த்தாயிற்று, இனி எங்கே போகலாம்?” என்று கேட்பதுண்டு. ஈபிள் கோபுரத்துக்கு வழி சொல்ல நான் தேவையில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் மனைவியும் ஒரு சிறிய வாடகைக் காரில் சுற்றிவந்த தெற்குப் பகுதிக் கிராமங்களைப் பற்றிச் சொல்லுகிறேன்.

முதலில் ஏக்-மோர்த். மத்தியதரைக் கடலோர உப்பளங்களின் நடுவே, நான்கு பக்கமும் மதில் சூழ்ந்து நிற்கும் சிற்றூர் இது. ஒன்பதாம் லூயி மன்னர் 1248இல் சிலுவைப் போருக்குக் கப்பலேறியது இங்கிருந்துதான். நாங்கள் சென்றது அதற்காக அன்று. அவ்வூரின் கோன்ஸ்தான்ஸ் கோபுரத்துக்காக. 1598இல் நான்காம் ஹென்றி சீர்திருத்த சபையாருக்கு அளித்த வழிபாட்டுரிமையை அவருடைய பேரன் பதினான்காம் லூயி 1685இல் ரத்து செய்தார். ஆலயங்கள் இடிக்கப்பட்டன, போதகர்கள் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டனர். மறைவாகக் கூடி ஆராதித்து அகப்பட்ட ஆண்கள் துடுப்புக் கப்பல்களுக்கு அனுப்பப்பட்டனர். பெண்கள் பலர் இக்கோபுரத்தில் அடைக்கப்பட்டனர்.

சுவரின் கனம் 6 மீட்டர். மேல்தளத்து வட்டமான கூடத்தில் வெளிச்சம் வருவது சில ஒடுங்கிய பிளவுகள் வழியாக மட்டுமே. மரி துராண் என்ற பெண் 1730இல் இங்கே கொண்டுவரப்பட்டபோது வயது 19. அவர் செய்த குற்றம், அண்ணன் மறைவாக ஊழியம் செய்த போதகர் என்பதே. அந்த அண்ணன் 1732இல் மோன்பெலியே நகரில் தூக்கிலிடப்பட்டார். தங்கை 1768 வரை, 38 ஆண்டுகள் உள்ளே இருந்தார். விசுவாசத்தை மறுதலிக்கிறேன் என்று சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்கும். கூடத்தின் நடுவே தரையிலுள்ள துவாரத்தின் கல்விளிம்பில் ஒரே ஒரு சொல் செதுக்கப்பட்டுள்ளது. அதைச் செதுக்கியவர் அவரே என்பது வழிவழிச் செய்தி. எழுத்துக்கூட்டல் சற்றுப் பிசகியிருந்தாலும் பொருள் தெளிவு: எதிர்த்து நில். பேதுரு தம் முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், விசுவாசத்தில் உறுதியாயிருக்கச் சொல்லும் இடத்தில் பயன்படுத்தும் அதே வினைச்சொல். என் மனைவி அக்கல்லின் அருகே நெடுநேரம் உட்கார்ந்துவிட்டார். நானும் அவரை அவசரப்படுத்தவில்லை.

அங்கிருந்து வடக்கே செவென் மலைகள். மியாலே என்னும் ஊருக்கருகே, மாஸ் சூபெய்ரான் என்ற கல்வீட்டுக் குடியிருப்பில் ‘வனாந்தர அருங்காட்சியகம்’ இருக்கிறது. 1685 முதல் 1787 வரையிலான ஒளிவுமறைவு வாழ்க்கையை அம்மக்கள் ‘வனாந்தரம்’ என்றே அழைத்தார்கள். இஸ்ரவேலரின் 40 ஆண்டுகளை நினைத்து வைத்த பெயர். கழற்றி மடித்தால் பீப்பாயாகத் தோன்றும் பிரசங்கபீடமும், பெண்கள் கொண்டைக்குள் மறைத்துச் சென்ற கையளவுகூட இல்லாத சங்கீதப் புத்தகமும் அங்கே உண்டு. சரியான ஒலிபெருக்கி இல்லையே என்று குறைபடும் என்னைப் போன்ற போதகர்கள் அந்தப் பீடத்தின் முன் சற்று நிற்பது நல்லது. ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் ஞாயிறன்று பல ஆயிரம்பேர் அங்குள்ள மரநிழலில் கூடி ஆராதிக்கிறார்கள்.

ஆனால் அந்த வீடு கமிசார் என்னும் கலகக்காரரின் தலைவர் ரோலானுடையது. அதையும் மறைக்கலாகாது. மலைக்குள் இன்னும் சற்றுத் தூரம் போனால் லெ பொன்-தெ-மோன்வேர். ஆற்றின்மேல் கல்பாலம், கரையில் கல்வீடுகள், கண்ணுக்கு இனிய ஊர். 1878இல் ஆங்கில எழுத்தாளர் ஸ்டீவன்சன் ஒரு கழுதையோடு நடந்து வந்த வழி இது. இன்றும் பலர் நடக்கிறார்கள். அதே ஊரில் 1702 ஜூலையில், தங்கள் சகோதரரைச் சிறைவைத்து வதைத்த குருவானவர் ஷெய்லாவைச் சீர்திருத்த சபையார் இரவில் வளைத்துக் கொன்றார்கள். அதைத் தொடர்ந்த போரில் இரு பக்கமும் இரத்தம் பெருகியது. அவர்கள் பட்ட பாட்டை நான் அறிவேன். ஆயினும் அந்த இரவை என்னால் விசுவாச வீரம் என்று அழைக்க முடியாது.

அரைநாள் மலைப்பாதையில் வடக்கே சென்றால், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் லெ ஷம்போன்-சூர்-லின்யோன். பசும்புல்வெளி, ஊசியிலைக் காடு, கருங்கல் வீடுகள். அலங்காரமில்லாத ஆலயத்தின் வாசலுக்கு மேல், ஒருவரிலொருவர் அன்பாயிருக்க ஆண்டவர் தந்த கட்டளை எழுதப்பட்டிருக்கிறது. இம்மேட்டுநிலத்தாரும் அதே வனாந்தர நினைவோடு வளர்ந்தவர்கள். இரண்டாம் உலகப்போரில் யூதர் வேட்டையாடப்பட்டபோது, போதகர்கள் அந்த்ரே த்ரோக்மேயும் எதுவார் தேஸும் சபையாரும், சுற்றுப்புறக் கிராமத்தாரும் ஆயிரக்கணக்கானோரை மறைத்துக் காத்தார்கள். 1942 ஆகஸ்டில் யூதரின் பெயர்ப்பட்டியலைக் கேட்டபோது த்ரோக்மே தர மறுத்தார். பிடித்துச் செல்ல வந்த பேருந்துகள் ஏறக்குறைய வெறுமையாய்த் திரும்பின. அடுத்த பிப்ரவரியில் அவரையே கைதுசெய்யக் காவலர் வந்தார்கள். அவருடைய மனைவி மக்தா, இரவு உணவு நேரமாதலால், அவர்களையும் பந்திக்கு அழைத்தார். போதகரின் உறவினரான ஆசிரியர் தானியேல் த்ரோக்மே தம் மாணவர்களோடு பிடிபட்டு 1944இல் மைதானெக் முகாமில் இறந்தார்.

லெ பொன்-தெ-மோன்வேரிலும் லெ ஷம்போனிலும் இருந்தது ஒரே காயத்தின் நினைவுதான். ஓரிடத்தில் அது பட்டயத்தை எடுத்தது. மற்றோரிடத்தில் கதவைத் திறந்தது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று நாங்கள் இருவரும் காரில் பேசிக்கொண்டே வந்தோம். இன்றும் அந்தப் பேச்சு எங்களுக்குள் முடியவில்லை. நம்மில் பழைய காயங்களைச் சுமக்கிற குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இரண்டு ஊர்களும் என் நினைவுக்கு வருகின்றன.

ஆலயத்துக்கு எதிரே 2013இல் திறந்த நினைவில்லம் இருக்கிறது. குளிர்காலத்தில் மூடியிருக்கும், விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். அந்தப் பக்கத்து உணவகங்களில் பச்சைப் பயறு வகை ஒன்று கிடைக்கும், நம் வாய்க்கும் ஒத்துப்போகும். சிறுவயதில் பெற்றோரோடு அங்கே அடைக்கலம் புகுந்த எரிக் ஷ்வாம் என்பவர் 2020 டிசம்பரில் தமது 90ஆம் வயதில் காலமானார். ஏறத்தாழ 20 இலட்சம் யூரோவை அந்த ஊருக்கு எழுதி வைத்திருந்தார், பிள்ளைகளின் கல்விக்காக.