674 படியும் ஒரு தாடை வலியும்

பாரிஸ்ல ஒரே நாள் டூர். காலையில லூவர், சாயங்காலம் ஈஃபில். கைடு கொடியைத் தூக்கிக்கிட்டு ஓடுறார், நாங்க பின்னாடியே.

ஈஃபில் இரண்டாம் தளத்துக்கு 674 படி. ஏறிப் பார்ப்போம்னது நான்தான். கொஞ்ச தூரத்திலேயே வீட்டுக்காரம்மா உட்கார்ந்துட்டாங்க. "தாடை வலிக்குதுங்க." உட்கார்ந்ததும் வலி போயிடுச்சு.

அப்பதான் எனக்கு உறைச்சது. நம்ம சீர்காழிக் கோயில்ல, தோணியப்பரைத் தாண்டி மேல சட்டைநாதரைப் பார்க்க ஏறினப்பவும் இதையேதான் சொன்னாங்க. "பல் டாக்டர்கிட்ட காட்டு"ன்னுட்டேன். நானும் டாக்டர்!

ஏறினா வந்து, நின்னா போற வலி தாடையில இருந்தாலும் இதயத்தைச் சந்தேகப்படுங்க. பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவங்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமகூட வரும். ஓய்வா இருக்கிறப்ப எடுக்கிற இசிஜி நார்மலா இருக்கலாம், அதோட விட்டுடாதீங்க. இவங்களுக்கும் அன்னைக்கே எடுத்தோம், நார்மல்தான். ஆஞ்சியோவிலதான் அடைப்பு தெரிஞ்சது.

ஸ்டென்ட் வெச்சாச்சு. போன வாரம் சட்டைநாதர் சன்னதிக்கு எனக்கு முன்னாடி ஏறிட்டாங்க.