கொஞ்சம் டல்லுதாங்க

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் யாரிடம் வேண்டுமானாலும் "யாவாரம் எப்படிங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கூட்டத்தில் மூச்சு முட்டும் கடைக்காரரும் ஈ ஓட்டிக்கொண்டிருப்பவரும் சொல்வது ஒரே பதில்தான்: "கொஞ்சம் டல்லுதாங்க." அங்குள்ள லீ பஜாரில் பருப்பு மூட்டைகள் லாரியிலிருந்து இறங்கியபடியே இருக்கும், கல்லாவில் இருப்பவர் டல் என்பார். நன்றாகப் போகிறது என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும், கைமாத்து கேட்கவும் ஆள் வந்துவிடும். படுத்துவிட்டது என்று சொன்னாலோ, சரக்கு அனுப்புகிறவர் அடுத்த லோடுக்கு ரொக்கம் கேட்பார். இரண்டுக்கும் நடுவே ஒதுங்கி நிற்க ஒரு சொல் வேண்டியிருந்தது.

ஊரின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. வெள்ளி விலை ஏறி ஆர்டர் குறைந்தால் மார்க்கெட் டல். 2025 கடைசியில் கிலோ இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டியதே, அந்த மாதிரி நேரத்தில். ஆடி மாதமும் டல்தான், முகூர்த்தம் இல்லை. ஆனால் சேலத்து மாரியம்மன் கோயில்களுக்கெல்லாம் அந்த ஆடியில்தான் பண்டிகை என்பதால், ஊரே அமர்க்களமாக இருக்கும் நாளில் பட்டறை மட்டும் டல்லாக இருக்கும். இன்னொரு டல், மெருகு போன வெள்ளி. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு வெள்ளியின் மேல் கருப்பாக ஓர் ஏடு படிகிறது. பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் போட்டுத் தேய்த்தால் அது போய்விடும். அடியில் இருக்கும் வெள்ளிக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

ஆக, இங்கே டல் என்பது யாருடைய குற்றமும் இல்லை. மாதத்தின் மேல் பழி, விலையின் மேல் பழி, மிஞ்சினால் சனியின் மேல் பழி. சனிக்கு மந்தன் என்றே ஒரு பெயர் உண்டு. சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய இருபத்தொன்பதரை ஆண்டு எடுத்துக்கொள்ளும் கிரகத்துக்குப் பொருத்தமான பெயர். இங்கிலீஷ்காரர்களும் உம்மென்று இருக்கும் ஆளை அதே கிரகத்தின் பெயரால் 'சாட்டர்னைன்' என்பார்கள். (செவ்வாய்க்கிழமை எதையும் தொடங்காத சனங்கள் வாழும் நாட்டில், செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்ற ஒரு பேட்டை இத்தனை பெரிய யாவாரம் செய்கிறது. கிரகங்கள் இதைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது.)

பிறந்த வீட்டில் இந்தச் சொல்லின் கதை வேறு. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய இங்கிலீஷில் 'டோல்' என்றால் முட்டாள். வட ஜெர்மனியில் பேசப்பட்ட அதன் உறவான 'டுல்' பின்னால் வந்து சேர, இன்றைய உருவம் கிடைத்தது. முதலில் மனிதன்தான் டல். கத்தி முனை, நிறம், வலி, வானம், சந்தை எல்லாம் அவனுக்கு அப்புறம் வந்தவை. அதே வேரில் கிளைத்த ஜெர்மன் சொல் 'டோல்' பைத்தியத்தைக் குறித்து வந்தது. இப்போது அங்கே பிள்ளைகள் பிரமாதம் என்பதற்கு அதைச் சொல்கிறார்கள். நம்முடைய மொக்கை நேரெதிர்த் திசையில் நடந்தது. முதலில் மொக்கைக் கத்தி, மொக்கைப் பென்சில். அப்புறம்தான் மொக்கைப் படம், மொக்கைப் பேச்சு.

மனிதனை விட்டுக் கத்திக்கும் சந்தைக்கும் போய்விட்ட சொல் அங்கேயே இருந்திருக்கலாம். பள்ளிக்கூடத்தில் அது திரும்பிவிடுகிறது. "பையன் கொஞ்சம் டல்லுங்க" என்று டீச்சர் சொல்லும்போது, நாள் முழுக்கக் கடையில் டல் டல் என்று சிரித்துக்கொண்டே சொல்கிற அப்பாவின் முகம் விழுந்துவிடுகிறது. கடையில் அது ஆவணி வந்தால் போய்விடும். பள்ளியில் அது ஜாதகம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அந்தப் பையன் பட்டறையில் உட்கார்ந்து எடைக்கும், வெள்ளியின் தரத்தைச் சொல்லும் டச்சுக்கும் மனக்கணக்குப் போட்டுச் சொல்லக்கூடியவன் என்பது மார்க்கு அட்டையில் வராது. வெள்ளியைப் பார்த்து டல் என்கிறவர் தேய்த்துப் பார்க்கிறார். பிள்ளையைப் பார்த்து டல் என்கிறவருக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை.

ஷேக்ஸ்பியருக்கு இது பிடிபட்டிருக்கிறது. 1598-இல் அச்சான 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தில் ஒரு போலீஸ்காரருக்கு டல் என்றே பெயர் வைத்திருக்கிறார். ஒரு காட்சியில் பள்ளி வாத்தியாரும் அவருடைய படித்த நண்பர்களும் லத்தீன் கலந்து பேசித் தள்ளுகிறார்கள். இவ்வளவு நேரம் நீ ஒரு வார்த்தை பேசவில்லையே என்று வாத்தியார் கேட்க, பேசவுமில்லை, எனக்கு ஒன்றும் புரியவுமில்லை ஐயா என்கிறார் டல். சிரிப்பு வாத்தியாருக்கு எதிராகத் திரும்புகிற இடம் அது. அடுத்து, அவர்கள் போடப்போகும் கூத்தில் தானும் ஆடுவதாகவோ, மற்றவர்கள் ஆட மேளம் தட்டுவதாகவோ டல் முன்வருகிறார். அந்தக் காட்சியில் வேலைக்கு ஆகிற பேச்சு ஒன்று உண்டென்றால் அதுதான். வாத்தியாரோ, அவர் பெயரை வைத்தே ஒரு சிலேடை சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்.