அப்பாவின் டீசல் வானும் லண்டன் காற்றும்

லண்டனில் எங்கட ஆட்களிடம் "யூலெஸ்" என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள். கோயிலோ, பிறந்தநாள் மண்டபமோ, அடுத்த பத்து நிமிடத்துக்கு வேறு கதை இராது. பன்னிரண்டரைப் பவுண், எந்தச் சந்தியில் கமரா நிக்குது, ஆரோ வயரை வெட்டிப்போட்டாங்களாம். இவ்வளவு கதையிலும் ஒரு சொல் மட்டும் வருவதை நான் கேட்டது மிகக் குறைவு. காற்று.

வேறு நாடுகளில் இருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். அதிகம் நச்சுப்புகை விடும் பழைய வாகனங்கள் லண்டனுக்குள் ஓடினால் நாளொன்றுக்கு 12.50 பவுண் கட்டவேண்டும். அதுதான் யூலெஸ். 2019 ஏப்ரல் 8 அன்று நகரின் நடுப்பகுதியில் மட்டும் தொடங்கியது. 2021 ஒக்டோபரில் நோர்த் சேர்க்குலர், சவுத் சேர்க்குலர் வீதிகள் வரை விரிந்தது. 2023 ஓகஸ்ட் 29 அன்று லண்டனின் எல்லா உள்ளூராட்சிப் பகுதிகளுக்கும் வந்தது. ஹரோ, வெம்பிளி, இல்போர்ட், குரொய்டன் என்று எங்கட சனம் நிறைய இருக்கிற இடங்கள் எல்லாம் அந்தக் கடைசிச் சுற்றில்தான் உள்ளே வந்தன. பெற்றோல் கார் என்றால் பெரும்பாலும் 2006க்குப் பிறகு பதிந்தது தப்பும். டீசல் என்றால் யூரோ 6 தரம் வேண்டும். கார்களில் அது பெரும்பாலும் 2015 செப்டம்பருக்குப் பிறகு வந்தவை, வான்களில் அதற்கும் ஒரு வருடம் பிந்தியவை.

என் அப்பாவின் வான் 2012ஆம் ஆண்டு டீசல். அவருக்கு ஹரோப் பக்கம் ஒரு சின்ன மரக்கறிக் கடை. கிழமைக்கு ஆறு நாள் வெஸ்டேர்ன் இன்டர்நஷனல் மார்க்கட்டுக்குப் போய்ச் சாமான் ஏற்றி வருவார். ஆறு நாளுக்கு 75 பவுண், வருடத்துக்கு 3,900. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. நள்ளிரவு முதல் அடுத்த நள்ளிரவு வரைதான் ஒரு நாள். இரவு பதினொன்றரைக்கு வெளிக்கிட்டு இரண்டு மணிக்குத் திரும்பினால் இரண்டு நாள் காசு. சாமத்தில் போய் வந்து பழகிய மனுசனுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

"அப்ப டீசல் நல்லது, வாங்கு எண்டவங்கள். இப்ப டீசலுக்குக் காசு கட்டு எண்டுறாங்கள். நாளைக்கு என்ன சொல்லுவாங்களோ ஆருக்குத் தெரியும்" என்றார் அப்பா.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2001 மார்ச் முதல் இங்கே புதிதாகப் பதியும் கார்களுக்கு வீதிவரி, அவை விடும் கரியமில வாயுவின் அளவை வைத்துக் கணக்கிடப்பட்டது. டீசல் கார் அந்த வாயுவைக் குறைவாக விடும், அதனால் வரியும் குறைவு. லட்சக்கணக்கானவர்கள் டீசலுக்கு மாறினார்கள். அப்பாவும் தன் பெற்றோல் காரை விற்று டீசல் கார் வாங்கியது அந்தக் காலத்தில்தான். பிறகு வாங்கிய வானும் டீசல்தான். டீசல் இல்லாத வானைத் தேடினாலும் அப்போது அகப்படுவது அரிது. பூமி சூடாவதைக் கணக்கில் எடுத்த அந்த வரி, நைதரசன் டையொக்சைட்டையும் நுண்துகள்களையும் கணக்கில் எடுக்கவில்லை. வீதியோரத்தில் நடந்து போகும் பிள்ளையின் நெஞ்சுக்குள் போவது அவை. 2015 செப்டம்பரில் வொல்க்ஸ்வாகன் நிறுவனம், சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை டீசல் கார்களில் வைத்திருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. ஆக, டீசல் வாங்கின சாதாரண மனிதர்கள் ஏமாற்றப்பட்டதாக நினைப்பதில் பிழை சொல்ல முடியாது.

ஆனால் எங்கள் வீட்டில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. என் மூத்த மகனுக்கு இப்போது ஒன்பது வயது. நாலு வயதிலிருந்து முட்டு. பள்ளிப் பைக்குள் நீல பம்ப் ஒன்று, வீட்டில் இன்னொன்று, அம்மாவீட்டில் மூன்றாவது. குளிர்காலத்தில் சில இரவுகள் ஆஸ்பத்திரியில் விடிந்திருக்கின்றன. இது வாகனப் புகையால்தான் வந்தது என்று எந்த டொக்டரும் எங்களிடம் சொல்லவில்லை. ஒரு பிள்ளையை மட்டும் வைத்து அப்படிச் சொல்வதும் கடினம்.

ஒரு பிள்ளைக்கு மட்டும் அது சட்டப்படி சொல்லப்பட்டிருக்கிறது. எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா தென்கிழக்கு லண்டனில் லூவிஷம் பகுதியில், சவுத் சேர்க்குலர் வீதிக்கு மிக அருகில் வாழ்ந்த சிறுமி. கடுமையான ஆஸ்துமாவால் மூன்று வருடத்துக்குள் முப்பது தடவைக்குக் கிட்ட ஆஸ்பத்திரிக்குப் போனவள். 2013 பெப்ரவரியில் ஒன்பது வயதில் இறந்தாள். தாய் ரோசமண்ட் விடவில்லை. முதல் விசாரணையின் முடிவை ரத்துச் செய்ய வைத்து, இரண்டாவது விசாரணையைக் கேட்டுப் பெற்றார். 2020 டிசம்பர் 16 அன்று மரண விசாரணை அதிகாரி பிலிப் பார்லோ, காற்று மாசும் அந்த மரணத்துக்குக் காரணமாக இருந்தது என்று தீர்ப்பளித்தார். இந்த நாட்டில் ஒருவரின் மரணக் காரணங்களில் காற்று மாசு எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை.

அந்தத் தீர்ப்பை நான் வாசித்த நாளில் என் மகனுக்கு முதல் பம்ப் கொடுத்து அதிக நாளாகவில்லை. அதற்குப் பிறகு யூலெஸ் பற்றிய பேச்சை வெறும் காசுப் பேச்சாக என்னால் கேட்க முடியவில்லை.

கிழக்கு லண்டனில் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் இரண்டாயிரம் பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2018இல் லான்செட் குழும இதழில் வந்தது. மாசு கூடிய இடத்துப் பிள்ளைகளின் நுரையீரல் கொள்ளளவு ஏறக்குறைய 5 வீதம் குறைந்திருந்தது. முன்பிருந்த லொறிகளுக்கான புகை வலயம் மட்டும் அதை மாற்றப் போதவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. கார், வான்களையும் சேர்க்கவேண்டும் என்று சொன்னவர்கள் காட்டிய ஆதாரங்களில் அதுவும் ஒன்று.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கன நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார். "அப்ப என்ர வானாலதான் பேரனுக்கு முட்டு எண்டு சொல்லுறியோ பிள்ளை?"

"ஒரு வானால இல்லை அப்பா. எல்லா வானாலயும்."

அவர் எழும்பிக் கடைக்குப் போய்விட்டார். அடுத்த கிழமை லொக் புத்தகத்தையும் காப்புறுதிக் கடிதத்தையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "உந்தப் போமை நிரப்பித் தா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் போம் பற்றிச் சொல்லவேண்டும். பழைய வாகனத்தை ஒப்படைப்பவர்களுக்கு மேயரின் நிர்வாகம் ஒரு நிதி உதவி கொடுத்தது. தொடக்கத்தில் கார்களுக்கான உதவி, குறைந்த வருமானத்தவர்களுக்கும் உடல் இயலாமை உள்ளவர்களுக்குமான கொடுப்பனவுகள் பெறுவோருக்கு மட்டும் இருந்தது. எதிர்ப்புக் கூடக்கூட அது விரிந்தது. 2023 ஓகஸ்ட் 21 முதல் விதிக்குப் பொருந்தாத கார் வைத்திருக்கும் எந்த லண்டன்வாசியும் 2,000 பவுண் கேட்கலாம் என்றானது. சிறு வியாபாரிகளின் வானுக்கு 5,000 இருந்தது 7,000 ஆனது. அப்பாவுக்கு அந்த 7,000 கிடைத்தது. புதிய வானுக்கு மிச்சத்தைச் சேமிப்பிலிருந்து போட்டார், அது சின்னத் தொகையில்லை. வாகன விற்பனையாளர்களும் அந்த மாதங்களில் விலையைக் கூட்டித்தான் சொன்னார்கள்.

கோயிலில் கண்ட ஒரு மாமா தன் வானை ஒரு வியாபாரிக்கு ஆயிரத்துச் சொச்சத்துக்கு விற்றுவிட்டார். மேயரின் நிர்வாகம் 7,000 தந்தது அவருக்குத் தெரியாது. அறிவித்தல் இணையத்தில் இருந்தது, போம் இணையத்தில் இருந்தது, இரண்டும் ஆங்கிலத்தில் இருந்தன. 2024 செப்டம்பரில் அந்தத் திட்டமே முடிந்துவிட்டது.

இங்கே பிறந்து வளர்ந்த எங்களுடைய இடம் இதில்தான் இருக்கிறது. பத்து வயதிலேயே அம்மா அப்பாவுக்குக் கவுன்சில் கடிதம் வாசித்துச் சொன்னவர்கள் நாங்கள். இப்போதும் அந்த வேலை முடியவில்லை. காற்றைச் சுத்தமாக்கும் திட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு கையில் கட்டணமும் மறு கையில் உதவியும் இருக்கும். கட்டணம் கமரா வழியாகத் தானாக வீடு தேடி வரும். உதவியை நாங்கள்தான் தேடிப் போகவேண்டும். அடுத்த தடவை வீட்டுச் சுவருக்குக் குளிர்காப்புப் போடுவதற்கோ, புதிய வெப்பமூட்டிக்கோ உதவி அறிவித்தால், முதல் நாளே பெற்றோருக்கும் பக்கத்து வீட்டு மாமாவுக்கும் சொல்லிவிடுங்கள்.

சரி, இவ்வளவு சண்டைக்கும் பலன் இருந்ததா? நகர நிர்வாகம் 2025 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையின்படி, யூலெஸ் இல்லாதிருந்தால் இருந்திருக்கும் அளவோடு ஒப்பிட்டால் லண்டன் வீதியோரங்களில் நைதரசன் டையொக்சைட் 27 வீதம் குறைவு. இன்னொரு ஆய்வு லண்டன் பிள்ளைகளை லூட்டன் நகரப் பிள்ளைகளோடு ஒப்பிட்டது. நடு லண்டனில் யூலெஸ் வந்த பிறகு, முன்பு காரில் பள்ளிக்குப் போன பிள்ளைகளில் பத்தில் நாலு பேர் நடை, சைக்கிள், பஸ் போன்ற வழிகளுக்கு மாறியிருந்தார்கள். லூட்டனில் பத்தில் இரண்டு பேர்தான்.

கமரா எட்டாத ஒரு இடம் இருக்கிறது. அது எங்கட சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட வாசல். காலையில் ஒன்பதரைக்கு வந்து நின்று பாருங்கள். இரட்டை வரிசையில் கார்கள். குளிருக்கு ஹீட்டர் போட்டபடி, என்ஜின் ஓடியபடி, போனைப் பார்த்தபடி நாங்கள். பிள்ளைகள் அந்தப் புகைக்குழாய்களுக்கு நடுவால் உள்ளே போகிறார்கள். பெரியவர்களின் மூக்கைவிட அவர்களின் மூக்குத்தான் அந்தக் குழாய்க்குக் கிட்ட இருக்கிறது. காருக்குள் இருக்கும் எங்களுக்கும் தப்பில்லை. முன்னால் நிற்கும் காரின் புகை எங்கள் காருக்குள்தான் வருகிறது. நிறுத்தி வைத்த காரில் தேவையில்லாமல் என்ஜினை ஓடவிடுவதற்கு 20 பவுண் தண்டம் அறவிடக் கவுன்சில்களுக்கு 2002ஆம் ஆண்டு விதியிலேயே அதிகாரம் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை காலையில் அதைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை.

கிழமை நாட்களில் பல ஆரம்பப் பள்ளிகளுக்கு "ஸ்கூல் ஸ்ட்ரீட்" திட்டம் வந்துவிட்டது. பிள்ளைகள் வரும் நேரமும் போகும் நேரமும் பள்ளி வாசல் வீதியில் வாகனம் போகமுடியாது. அங்கே குடியிருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. லண்டனில் இப்போது 500க்கு மேல் இருக்கின்றன. பிரென்ட், என்பீல்ட், லம்பெத் பகுதிகளில் 18 பள்ளிகளில் அளந்தபோது காலையில் நைதரசன் டையொக்சைட் 23 வீதம் வரை குறைந்திருந்தது. இதைச் செய்வது பாராளுமன்றம் அல்ல, உங்கள் உள்ளூர்க் கவுன்சில். பல இடங்களில் முதலில் பரீட்சார்த்த ஆணையாகப் போடுவார்கள். அது 18 மாதத்துக்கு மேல் நீடிக்க முடியாது. முதல் ஆறு மாதத்துக்குள் மக்கள் தங்கள் ஆட்சேபனையை எழுதலாம். எதிர்ப்பவர்கள் தவறாமல் எழுதுவார்கள். பிடித்தவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். பிடித்திருந்தால் அதையும் எழுதவேண்டும்.

இப்படிப்பட்ட முடிவுகளை எவ்வளவு குறைந்த பேர் எடுக்கிறார்கள் என்பதற்குப் பாரிஸ் ஒரு உதாரணம். 2025 மார்ச் 23 அன்று அங்கே இன்னும் 500 வீதிகளை நடப்பவர்களுக்காக ஒதுக்குவதா என்று வாக்கெடுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு "ஆம்". ஆனால் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு நாலு பேர்தான். லாச்சப்பலில் கடை வைத்திருக்கும் என் மச்சாளிடம் கேட்டேன், அப்படி ஒரு வாக்கெடுப்பு நடந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

எங்கள் தமிழ்ப் பள்ளியில் நாலு குடும்பங்கள் சேர்ந்து மூன்று விஷயங்களை அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஒன்று, வாசலில் என்ஜினை நிறுத்துவது. இரண்டு, ஐந்து நிமிட நடைத் தூரத்தில் ஒரு தரிப்பிடத்தைப் பேசி எடுத்து, அங்கிருந்து பெரியவர் ஒருவர் பிள்ளைகளைக் கூட்டமாக நடத்திக் கொண்டுவருவது. மூன்று, கட்டடம் கிழமை நாளில் பயன்படும் ஆங்கிலப் பள்ளியினுடையது என்பதால், அவர்களோடு சேர்ந்து கவுன்சிலரிடம் சனிக்கிழமைக்கும் ஸ்கூல் ஸ்ட்ரீட் கேட்பது. பதினொரு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு பஸ்ஸில் காசில்லை என்பதையும் கீழே ஒரு வரியாகச் சேர்த்தோம். கிட்ட இருப்பவர்களுக்குக் கார் தேவையே இல்லை.

மழைக்கு என்ன செய்வது என்று ஒரு அம்மா ஏற்கனவே கேட்டுவிட்டார். நல்ல கேள்வி. குடையோடு நடக்கலாம் என்றேன். அவர் சிரித்தார், கையெழுத்தும் போட்டார். பிள்ளைகளை நடத்திக் கூட்டிவரப் பெரியவர்கள் தேவை என்று அப்பாவிடமும் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை கடையில் சனம் கூட, அதனால் இரண்டு கிழமைக்கு ஒருக்கா வரலாம் என்று சொல்லியிருக்கிறார்.