அமில விரும்பி உம்மா

எங்கட வீட்டில தயிர்ச் சட்டியின்ட அடிப்பக்கம் எப்பவும் உம்மாவுக்குத்தான். மேல இருக்கிற கட்டித் தயிரை வாழைப்பழமும் சீனியும் போட்டு நாங்க முடிச்சிருவம். மூணு நாள் கழிச்சு, பல்லுக் கூசுற அளவுக்குப் புளிச்சதை உம்மா சோத்தில ஊத்திச் சாப்பிடுவா. "உம்மாவுக்குப் புளிப்புத்தான் விருப்பம்" என்பது வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விசயம். தோப்பூரில் ஏ.எல். உயிரியல் படித்த நாட்களில் 'அசிடோபைல்' என்ற சொல்லைக் கண்டதும் அவவுக்கு ஒரு பட்டப்பெயரே வைத்துவிட்டேன்: அமில விரும்பி.

சொல்லைப் பிரித்தால் பொருள் அதுதான். 'பைல்' என்பது விரும்புவது என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் அமிலத்தில் உயிரோடு இருந்தால் மட்டும் ஓர் உயிரி அமில விரும்பி ஆகிவிடாது. அமிலத்தில்தான் அது மிக நன்றாக வளர வேண்டும்.

உண்மையான அமில விரும்பிக்கு உதாரணம் பிக்ரோபிலஸ். ஜப்பானின் ஹொக்கைடோவில், கந்தக ஆவி கிளம்பும் சூடான நிலத்தில் கண்டெடுத்த நுண்ணுயிர். பீஎச் 0.7, வெப்பம் 60 பாகை, இதுதான் அதற்குச் சொர்க்கம். பீஎச் 4க்கு மேலே போனால் அதன் சவ்வே உடைந்துவிடும். புதுத் தயிரின் பீஎச் 4.5 அளவில் இருக்கும். அதாவது நம்மட தயிரில் போட்டால், புளிப்புப் போதாமலே அது செத்துப்போகும்!

வேடிக்கை என்னவென்றால், பெயரிலேயே அமிலத்தைச் சுமக்கும் லக்டோபசிலஸ் அசிடோபிலஸ் இந்தக் கணக்கில் தேறாது. 1900இல் ஏர்ன்ஸ்ட் மோரோ குழந்தைகளின் மலத்திலிருந்து பிரித்தெடுத்த பற்றீரியா அது. அதற்குப் பிடித்தது பீஎச் 5.5க்கும் 6க்கும் இடைப்பட்ட மெல்லிய புளிப்பு. அதற்கு மேல் புளித்தால் தாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். இரைப்பையில் வாழும் ஹெலிகோபக்டர் பைலோரியும் அப்படித்தான். யூரியாவை உடைத்து அமோனியா செய்து, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துவிட்டு, சளிப்படலத்துக்குள் ஒதுங்கி இருக்கும். இதெல்லாம் விரும்பி இல்ல, தாங்கி.

இழையவியலில் இதே சொல்லுக்கு வேறு பொருள். அங்கே அமிலச் சாயத்தை ஏற்று நிறம் பிடிக்கும் கலங்களை அப்படிச் சொல்கிறார்கள். கலத்துக்கு அமிலம் பிடிக்குமா என்பது அங்கே கேள்வியே இல்லை.

இதையெல்லாம் ஒருநாள் உம்மாவுக்கு விளக்கி, "நீங்களும் பிக்ரோபிலஸ் மாதிரித்தான்" என்றேன். உம்மா சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டா:

"ஆரு புள்ள சொன்ன எனக்குப் புளிப்பு விருப்பமெண்டு? மிஞ்சினத்தக் கொட்ட ஏலுமா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. ஓர் உயிரிக்கு எது பிடிக்கும் என்று அறிய, அதை வெவ்வேறு பீஎச்சில் வளர்த்துப் பார்க்கிறார்கள். கண்டெடுத்த இடத்தை வைத்து மட்டும் முடிவு கட்டுவதில்லை. நாங்களோ உம்மாவை எப்போதும் சட்டியின் அடியில் பார்த்தோம், அதையே விருப்பம் என்று எழுதிவிட்டோம். மேல் தயிரை ஒருநாளும் கொடுத்துப் பார்க்கவில்லை.

அடுத்த சட்டி வந்த அன்று முதல் அகப்பை உம்மாவுக்கு. "எனக்கென்னத்துக்கு?" என்றா. பிறகு இரண்டு கரண்டி சீனி போட்டா.

இப்ப சட்டியின்ட அடி முறை வெச்சு வருது. இந்தக் கிழமை என்ட முறை.