தணிகாசலம் சாலையில் ஒரு பியட்

மாம்பலம் போவதென்றால் எங்கள் வீட்டில் பஸ்தான். 5பி பிடித்தால் தி. நகர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் இறக்கிவிடும். வருஷத்தில் ஒரே ஒரு நாள், தீபாவளித் துணி எடுக்க மட்டும், மந்தைவெளி வீட்டிலிருந்து அப்பாவின் பியட் கிளம்பும். அதற்கே காலையிலிருந்து ஏற்பாடு. அப்பா மஞ்சள் துணியால் கண்ணாடியைத் துடைக்கிறார், பானெட்டைத் திறந்து தண்ணீர் பார்க்கிறார், சாவி போடும் முன் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட்டு, கொஞ்சம் பெட்ரோல், போன ஆயுத பூஜைக்கு டாஷ்போர்டில் வைத்த சந்தனம். அந்த வாசனை வந்தாலே எனக்குப் புதுச் சட்டை கிடைத்த மாதிரி.

போகும் வழியெல்லாம் அப்பாவுக்குப் பாடம் நடத்தியாக வேண்டும். "இந்த ஊர்ல தெருப் பேரைப் படிச்சா நீதிக்கட்சிக் கூட்டமே உக்காந்திருக்கும்டா" என்பார். தியாகராயச் செட்டியார், பனகல் ராஜா, உஸ்மான், டாக்டர் நாயர், நடேச முதலியார், தணிகாசலம் செட்டியார் என்று ஆட்டெண்டென்ஸ் எடுப்பார். 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் இத்தனை தெருவும் போட்டார்கள் என்பதும் அந்தப் பாடத்தில் உண்டு. ஒரு ஐப்பசி மழையில் துரைசாமி சுரங்கப்பாதையில் வண்டி நின்றுபோய், நாங்கள் இறங்கி முழங்கால் தண்ணீரில் தள்ளினோம். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அப்பா உள்ளே இருந்தபடி, "ஏரியில வண்டி ஓட்டினா இப்படித்தான்" என்கிறார்.

வண்டி நிறுத்த உங்களுக்கும் ஒரு இடம் இருந்திருக்கும். நடேசன் பூங்கா ஓரமோ, வாணி மகால் பக்கமோ, யாரோ ஒரு உறவுக்காரர் வீட்டு வாசலோ. எங்களுக்குத் தணிகாசலம் சாலை. பாண்டி பஜாரிலிருந்து உள்ளே திரும்பிக் கொஞ்ச தூரம் போனால் ஒரு தூங்குமூஞ்சி மரம், அதனடியில் இஸ்திரிக்காரரின் தள்ளுவண்டி. கரி கணகணவென்று இருக்கும். ஈரத் துணிமேல் பெட்டி பட்டதும் எழும்புமே ஒரு ஆவி வாசனை, அது தெரு முனைக்கே வந்துவிடும். எங்கள் வண்டியைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நடுத்தெருவுக்கு வந்து நிற்பார்.

"வா சாரு… வா வா வா… ஒடிச்சி வுடு… இன்னும் ஒடி… ஆங், போதும்!"

சொன்ன கையோடு பானெட்டில் இரண்டு தட்டு. அந்தத் தட்டு விழுந்த பிறகுதான் அப்பா என்ஜினை அணைப்பார். கை பிரேக்கை இழுத்து, ஒவ்வொரு கதவையும் பூட்டி, பூட்டிய பிறகு ஒருமுறை இழுத்துப் பார்த்து, ரேடியோ ஆண்டெனாவை உள்ளே அமுக்குவார். காசு கொடுத்து நான் பார்த்ததில்லை. தீபாவளிக்கு எடுக்கிற வேட்டிகளில் ஒன்று அவருக்கு, அவ்வளவுதான்.

அப்பாவுக்கு ஜவுளிக்கடை ஆகாது. தன் வேட்டியைப் பத்து நிமிஷத்தில் எடுத்துவிட்டு, "நீங்க மெதுவா வாங்க, நான் வண்டியில இருக்கேன்" என்று கழன்றுகொள்வார். அதற்குப் பிறகு அம்மாவின் ராஜ்ஜியம். பனகல் பார்க் பக்கம் ஒரு கடை, உஸ்மான் ரோட்டில் ஒரு கடை, மறுபடி முதல் கடைக்கே திரும்பி வந்து அந்த மாம்பழ மஞ்சள் புடவை. வழி நெடுக நடைபாதைக் கடைகள், ரிப்பன், ஸ்டிக்கர் பொட்டு, பனியன், பிளாஸ்டிக் வாளி. கஞ்சி மொடமொடக்கும் புதுத் துணி, பஜ்ஜி எண்ணெய், கதம்பம், மனித வியர்வை, இதெல்லாம் ஒரே காற்றில். கால் ஓய்ந்து திரும்பி வந்தால், அப்பா நான்கு கதவையும் திறந்து போட்டுக்கொண்டு, காலை வெளியே நீட்டி மாலை முரசு படித்துக்கொண்டிருப்பார். இஸ்திரிக்காரர் இன்னொரு பக்கத்தை வாங்கி வைத்திருப்பார். இருவருக்கும் நடுவில் கிளாஸில் டீ. சீட்டு முழுக்க மரத்திலிருந்து உதிர்ந்த ரோஸ் நிறப் பூ நூல்கள்.

ஒரு வருஷம் மட்டும் இந்த ஒழுங்கு கெட்டது. அக்கா கல்யாணத்துக்குப் பட்டு. பணம் அப்பா சட்டைப்பையில் இருந்ததால் அவரும் கடைசி வரை கூடவே வந்தாக வேண்டியதாயிற்று. தணிகாசலம் சாலையில் இடமில்லாமல் வேறு எங்கோ சந்துக்குள் நிறுத்தினார். தெருப் பெயர் பார்த்தாரா என்று அம்மா கேட்டாள். ஊருக்கெல்லாம் தெருப் பெயர் சொல்லிக்கொடுத்தவரிடம் கேட்கிற கேள்வியா அது? "எதிர்ல காபிக்கொட்டை வறுக்கிறான். மூக்கே கூட்டிட்டுப் போகும்" என்றார். ராத்திரி ஒன்பதரைக்கு வெளியே வருகிறோம். வறுக்கிறவர் கடையை மூடிப் போய்விட்டார், வாசனையையும் எடுத்துக்கொண்டு. எட்டுப் பையோடு நாலு பேர் தெருத்தெருவாகப் போகிறோம். அப்பா ஒவ்வொரு முனையிலும் நின்று மூக்கை உறிஞ்சுகிறார். கடைசியில் ஒரு பூக்காரம்மா, "பச்ச பியட்டா? அத்தோ அங்க நிக்குது, நாயி படுத்துருக்கு பாரு மேல" என்று கை காட்டினாள். நாய் இறங்கிக்கொள்ள மனசில்லாமல் இறங்கியது. அன்றைக்கு அப்பா வீடு வரை பேசவேயில்லை.

மூனிக்கில் இருக்கிற என் பையன் ஒருமுறை எங்களை ப்ளாரன்ஸுக்குக் காரில் அழைத்துப் போனான். ஊர் கண்ணில் படுமுன்பே, நெடுஞ்சாலையை ஒட்டி வில்லா கோஸ்தான்சா என்ற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டான். அங்கிருந்து டிராம். பழைய ஊருக்குள் வெளியார் வண்டி நுழைந்தால் கேமரா நம்பரைப் பிடித்துக்கொள்ளுமாம், அபராதம் பின்னாலேயே வீட்டுக்கு வருமாம். "எப்படிப்பா ஐடியா?" என்று அவன் ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி கேட்டான். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு ஊருக்குள் நடந்து போவதை அவன் தாத்தா தணிகாசலம் சாலையிலேயே செய்துவிட்டார் என்று சொன்னேன். சிரித்தான். ஆனால் அந்த நிறுத்துமிடத்தில் எங்களை ஒருவரும் "வா வா" என்று கூப்பிடவில்லை. வெள்ளைக் கோட்டுக்குள் நாமே நின்றுகொள்ள வேண்டும்.

நம்ம ஊரும் இப்போது கோடு போட்டுக்கொண்டுவிட்டது. நடைபாதைக் கடைகளை 2013இல் ஒரு கட்டடத்துக்குள் கொண்டுபோனார்கள். 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகமானது, அகலமான நடைமேடை, உட்காரப் பெஞ்சு. பொய் சொல்வானேன், குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு பயமில்லாமல் நடக்கலாம். அம்மா இருந்திருந்தால் பெஞ்சுக்குப் பெஞ்சு உட்கார்ந்து போயிருப்பாள். 2023இல் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஆகாய நடைபாலம் வந்தது, 570 மீட்டர். பனகல் பார்க்கின் அடியில் மெட்ரோ. எங்கள் தூங்குமூஞ்சி மரம் 2016 டிசம்பர் வர்தா புயலில் சாய்ந்தது. இஸ்திரிக்காரர் அதற்கு முன்பே ஊரோடு போய்விட்டார்.

அதே தணிகாசலம் சாலையில்தான் அடுக்குமாடிக் கார் நிறுத்தம் கட்டியிருக்கிறார்கள். 200க்கு மேல் கார், 500க்கு மேல் டூவீலர் நிற்குமாம். வண்டியை மிஷினே தூக்கிக்கொண்டுபோய் மாடியில் வைக்கிறது. போன தீபாவளிக்கு மகள் கூட்டிப்போனாள். எனக்கும் இப்போது ஜவுளிக்கடை ஆவதில்லை. "நீங்க மெதுவா வாங்க, நான் வண்டியில இருக்கேன்" என்று கதவைத் திறந்து, காலை வெளியே நீட்டி, பேப்பரைப் பிரித்தேன்.

சீருடைப் பையன் ஓடிவந்தான். "இறங்கிடுங்க சார், உள்ள ஆள் இருந்தா மேல போகாது."

பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கினேன்.